அக்காவுக்கு நான் சுற்றிக் காட்டாத சியோல்

1

சென்ற இலையுதிர் காலத்தில் என் அக்கா வேதவல்லி சியோலுக்கு வந்து போனாள். அது முதல் செங்கல்பட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும், நலம் விசாரித்த கையோடு ஒரு கேள்வி வருகிறது. "அக்காவ எங்கெங்க கூட்டினு போய்க் காட்டினே?" எங்கேயும் இல்லை என்று உண்மையைச் சொல்கிறேன். கூடப் பிறந்தவளை அவ்வளவு தூரம் வரவழைத்து வீட்டுக்குள் அடைத்துவைத்த பாவி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் இன்னும் ஒரு படி மேலே போய், "வூட்ல வேணாம்னு சொல்ட்டாங்களா மச்சான்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் மனைவி சுதா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவன் என்றைக்காவது இங்கே வந்தால் காபி கிடைப்பது கஷ்டம்.

ஆகவே ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அக்கா இங்கே ஊர் சுற்றினாள். நன்றாகவே சுற்றினாள். பத்து வருடத்துக்கு மேல் இந்த நகரத்தில் குப்பை கொட்டும் நான் பார்க்காத இடங்களையும் பார்த்துவிட்டாள். நான் கூடப் போகவில்லை, அவ்வளவுதான். போகக் கூடாது என்பதுதான் எங்களுக்குள் பந்தயம்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சென்னையில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. செங்கல்பட்டுக்கும் எழும்பூருக்கும் எலக்ட்ரிக் ட்ரெயினில் போய்வந்தே தலை நரைத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஏழெட்டுப் பதில் இருக்கிறது. ஆளைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். அப்பா படுத்தபோது அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா. அம்மாவும் போன பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கொளவாய் ஏரிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் தனியாக இருக்க ஆரம்பித்தாள்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. எங்கள் அண்ணன் தாம்பரத்தில் இருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கவலைப்படும் வேலையிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. தங்கை ஒண்டியாக இருக்கக் கூடாது என்று தன் வீட்டு மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, செங்கல்பட்டு வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வீடு எங்கள் மூன்று பேருக்கும் பொது, அதனால் என் சம்மதமும் வேண்டும். நானும் முக்கால்வாசி சம்மதித்திருந்தேன். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தால், ராத்திரி நெஞ்சு வலி வந்தால் யார் இருக்கிறார்கள் என்று அண்ணன் கேட்கும்போது, இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன சொல்வது?

முடிவு செய்வதற்கு முன் ஒரு மாதம் இங்கே வந்து இரு என்று அக்காவைக் கூப்பிட்டேன். நாலு இடம் சுற்றிக் காட்டி, நல்லதாக நாலு வார்த்தை சொல்லி, மெதுவாகத் தாம்பரத்துக்குத் தயார்ப்படுத்தலாம் என்பது என் கணக்கு.

2

விசா வாங்கப் போன இடத்தில், திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். கணவர் உண்டா, இல்லை. பிள்ளைகள் உண்டா, இல்லை. வேலை உண்டா, இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. அக்கா பையிலிருந்து வீட்டு வரி ரசீதை எடுத்து நீட்டினாள். ரசீது அப்பா பெயரில். உடனே அப்பாவின் இறப்புச் சான்றிதழ். அதற்குப் பிறகு வாரிசுச் சான்றிதழ். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்களை இதையெல்லாம் கொண்டு வா என்று திருப்பி அனுப்பியவள் அவள். அவளைத் திருப்பி அனுப்ப யாரால் முடியும்?

விசா வந்த அன்று போனில் சொன்னாள். "அந்த ஆபீசுல, வூடு கீது, அதனால திரும்பி வந்துடும் இந்தம்மான்னு நம்பிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் அந்த வூட்டத்தான் காலி பண்ணுன்றீங்க."

சிரித்து மழுப்பினேன்.

வந்திறங்கி, களைப்பெல்லாம் தீர்ந்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நான் என் திட்டத்தை எடுத்து விரித்தேன். சனிக்கிழமை அரண்மனை, ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை, அடுத்த வாரம் கோபுரம். அக்கா ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன் ஊர நான் தனியா சுத்தறேன். நாலு நாளு. காலைல போவேன், விளக்கு வெக்கிற நேரத்துக்குள்ள வந்துடுவேன்."

"தனியாவா? பாஷை தெரியாதுக்கா."

"செங்கல்பட்டுல நான் ஒண்டியா இருக்க முடியுமான்றதுதானே உங்களுக்குக் கேள்வி? அதுக்கு இது கஷ்டமான பரீட்சதானே? கஷ்டமாவே இருக்கட்டும். நாலு நாளும் ஒழுங்கா வூடு வந்து சேந்தா, வூட்டப் பத்தி நீயும் அண்ணனும் அப்புறம் வாயே தொறக்கக் கூடாது. ஒரு நாளு இருட்டினப்புறம் வந்தேன்னாலும் நான் தோத்தேன். பொட்டியக் கட்டிகினு நேரா தாம்பரம்."

"போன் வெச்சுக்கோ, அப்பப்ப கூப்பிடுறேன்."

"போனு இருக்கும். ஆனா நீ கூப்டா நீ தோத்த. சுதாவ வுட்டுக் கூப்பிட வெச்சாலும் நீ தோத்த."

அண்ணனுக்குச் செய்தி சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். முதல் நாளே திரும்பி வந்து உன் கையைப் பிடித்துக்கொள்வாள் பார் என்றார்.

3

எங்கள் வீட்டில் யாரும் பகலில் இருப்பதில்லை. எனக்கும் சுதாவுக்கும் வேலை. மகள் தாரிணிக்குப் பள்ளிக்கூடம். அது முடிந்ததும் டியூஷன். அது முடிந்ததும் இன்னொரு டியூஷன். முதல் வாரமே அக்கா அவளைப் பார்த்துவிட்டு, "இவ புள்ளையா, ஷிப்ட்டு போற ஆளா?" என்று கேட்டாள். தாரிணி அத்தைக்குத் தமிழில்தான் பதில் சொன்னாள். யோசித்து, மனசுக்குள் ஒரு தரம் ஒத்திகை பார்த்து, பேச்சுப் போட்டிக்கு வந்த பிள்ளை போலச் சொன்னாள். நாங்கள் பேசும் தமிழெல்லாம் அவளுக்குப் புரியும். கோபம் வந்தால் மட்டும் கொரிய மொழிக்குப் போய்விடுவாள். அந்த வேகத்துக்கு என்னால் ஓட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் அக்கா கிளம்பிய கோலத்தைச் சொல்ல வேண்டும். சுங்குடிப் புடவை, அதன் மேல் சுதாவின் குளிர் ஜாக்கெட், அதன் கீழே தாரிணிக்குச் சின்னதாகிப்போன ஊதா நிற ஷூ. தோளில் எழும்பூர் ஆபீசுக்குப் போன அதே பை. உள்ளே எலுமிச்சை சாதம், தண்ணீர் பாட்டில், மடித்த செய்தித்தாள். எங்கள் விலாசத்தைக் கொரிய மொழியில் எழுதி, போலீஸ் எண், ஆம்புலன்ஸ் எண் எல்லாம் சேர்த்து ஒரு சீட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினாள்.

அன்று நான் ஆபீசில் செய்த வேலைக்குக் கம்பெனி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் நியாயம்தான். மத்தியானம் வரை மூன்று தடவை போனை எடுத்து மூன்று தடவை வைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டாள். நகரத்துக்கு நடுவில் ஓடும் ஓடைக்குப் போயிருக்கிறாள். "ஊருக்கு நடுவுல ஒரு ஓட போவுது, நாத்தமே இல்லடா. நம்பாம குனிஞ்சு மோந்து பாத்தேன்." ரயிலைப் பற்றித்தான் அவளுக்கு அதிக வியப்பு. "கடைசில மூணு சீட்டு வயசானவங்களுக்குன்னு காலியாவே கெடக்குது. நின்னுகினு வரானுங்க, ஒருத்தன் உக்காரல. நம்ம ட்ரெயினா இருந்தா ஒரு கர்சீப்பாவது கெடக்கும்."

சீட்டு பயன்பட்டதா என்று கேட்டேன். ஆரஞ்சுத் தோலை மடித்துப் போட வசதியாக இருந்ததாம்.

எனக்கு என் முதல் நாட்கள் ஞாபகம் வந்தன. மறைமலை நகர் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் இருந்தேன். அவர்கள்தான் என்னை இங்கே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழி தெரியாமல் அலைந்தேன். இங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சு. சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண்தான் வித்தியாசம். நான் வேறொரு கட்டடத்தில் ஏறி, யாரோ ஒருவர் வீட்டுக் கதவில் என் வீட்டு எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து ஒரு நாய் குரைத்தது. காவலாளி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரியான கட்டடத்தில் விட்டார். அவருக்கு நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளிடம் பேசும் தோரணையில் எதையோ சொல்லிவிட்டேன். பெரிய மனுஷர், பொறுத்துக்கொண்டார்.

இதை அன்றே வீட்டுக்கு போனில் சொன்னேன். அப்பா அந்தக் கதையைத் தெரு முழுக்கச் சொன்னார். பாஷை தெரியாத தேசத்தில் என் பையன் தனியாகச் சமாளிக்கிறான் என்று டீக்கடையில் சொல்லிப் பெருமைப்பட்டாராம். நான் தொலைந்துபோனது எங்கள் வீட்டில் வீரக்கதை. அக்கா தொலைந்துபோனால் மட்டும் அவளைத் தாம்பரம் மாடியில் வைத்துவிட வேண்டும். முதல் நாள் ராத்திரியே இது எனக்கு உறைத்தது. உறைத்தும் பேசாமல் இருந்தேன்.

4

இரண்டாம் நாள் அவள் ஏதோ ஒரு நூலகத்தின் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்தாளாம். "ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். யாருமே இன்னான்னு கேக்கல" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் இதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன்.

நான் ரொம்பச் சின்னப் பையன், அக்காவுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். திருக்கழுக்குன்றத்தில் அம்மாவுக்கு ஏதோ வேண்டுதல். மலை ஏறி இறங்கி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிவிடலாம் என்று அப்பா மாமல்லபுரத்துக்கு பஸ் ஏற்றினார். கடற்கரைக் கோயில் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மணலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாறையில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிக்காயை ஒவ்வொரு துண்டாகக் கடித்துக்கொண்டு, உறைத்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கடித்துக்கொண்டு. அக்கா நின்றுவிட்டாள். நாங்கள் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

"அப்பா, அவங்க கூட யாரும் வரலியா?"

"அவங்க ஊர்ல அப்படித்தாம்மா. தனியாதான் போவாங்க."

"இப்ப நம்ம ஊர்லதானே உக்காந்துகினு இருக்காங்க."

அப்பா எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். வெள்ளரிக்காய் விற்ற அம்மாள் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு துண்டு சும்மாவே கொடுத்தாள். உன் அண்ணன் தம்பி எங்கே என்று அவளை அங்கே யாரும் கேட்கவில்லை. அக்கா பஸ் ஸ்டாண்டு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

5

சியோலில் அந்த இரண்டாம் நாளே அவள் சந்தைக்கும் போய்வந்திருந்தாள். கை நிறைய நெத்திலிக் கருவாடு. "நெம்மேலிக் கடலோரத்துல காய வெப்பாங்களே, அதே நெத்திலி. இங்க இன்னாடான்னா பெருசு, நடுத்தரம், பொடின்னு தனித்தனியா பிரிச்சு, பட்டுப் பொடவக் கடையாட்டம் அடுக்கி வெச்சிக்கிறாங்க." பேரம் பேசினாளா என்று கேட்டேன். விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ரெண்டு அடி நடந்தாளாம். கடைக்காரி கூப்பிட்டுக் கூட ஒரு கை அள்ளிப் போட்டாளாம். அந்தப் பாஷை எல்லா ஊரிலும் செல்லுபடியாகிறது. நான் இங்கே பத்து வருடமாக விலைச்சீட்டில் போட்டிருப்பதைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

கருவாட்டை மூன்று டப்பாவுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டி வைத்தும் ஃபிரிட்ஜில் வாசனை. சுதா ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மலை. நகரத்தைச் சுற்றி இங்கே மலைகள் உண்டு. பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள்; எல்லாம் அக்கா வயதுதான். பளபளக்கும் சட்டை, கையுறை, முகத்தையே மறைக்கும் தொப்பி, இரண்டு கையிலும் கோல். "மல ஏற வராங்களா, கல்யாணத்துக்கு வராங்களான்னு தெரியல. நானு பொடவைல போறேன். என்ன பாத்துட்டு ஒருத்தி ஓடி வந்து கீழ உக்காந்து என் ஷூ லேசக் கட்டிவுட்டா. இன்னொருத்தி ஆரஞ்சு குடுத்தா. கூடவே ஏறினேன். திருக்கழுக்குன்றத்தவிட படி ஜாஸ்தி. மேல சாமிதான் இல்ல."

மூன்று நாளும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டாள். அண்ணன் தினமும் கூப்பிட்டு விசாரித்தார். அவர் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கியது. எனக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. அவள் என்னிடம் வழி கேட்பாள், எந்த ரயில் என்று கேட்பாள், ஒரு சாப்பாட்டுப் பெயராவது கேட்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் சேர்த்துவைத்த சாமர்த்தியத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

6

நாலாம் நாள் இருட்டிவிட்டது. அக்கா வரவில்லை.

இலையுதிர் காலத்தில் இங்கே சீக்கிரமே விளக்கு வைத்துவிட வேண்டியிருக்கும், அதனால் கொஞ்சம் சலுகை கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். "அவங்க சின்னப் பிள்ளையா? வந்துடுவாங்க" என்றாள் சுதா, ஆனால் அவளும் துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள். அண்ணனிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. அக்காவின் எண்ணைத் திரையில் கொண்டுவந்து, கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். அழுத்தினால் அவள் ஜெயித்துவிடுவாள். அவள் எங்காவது விழுந்து கிடந்தால் யார் ஜெயித்து என்ன? இந்த இரண்டுக்கும் நடுவில் புத்தி வேலை செய்யாமல், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தெருமுனையில் இருக்கும் சின்னக் காவல் நிலையத்துக்கு ஓடினேன்.

அங்கே இருந்த போலீஸ்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பதற்றத்தில் என் கொரிய மொழி முதல் வருடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காணாமல் போனது குழந்தையா?"

"இல்லை. ஐம்பத்தைந்து வயது. அக்கா."

"மறதி நோய் ஏதாவது?"

அண்ணன் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவள் என்று சொல்ல நினைத்தேன். மொய் இங்கேயும் உண்டு. சொல் மட்டும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"உடம்புக்கு ஏதாவது?"

"நேற்று மலை ஏறினாள்."

"அவரிடம் போன் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"கூப்பிட்டீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"கூப்பிட்டால் நான் தோற்றுவிடுவேன்."

அவர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். உங்கள் அக்கா குழந்தை இல்லை, நோயாளி இல்லை, ஒரு பெரிய மனுஷி சாயங்காலம் வெளியே போயிருக்கிறார், அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். சரி, எண்ணைச் சொல்லுங்கள், நான் கூப்பிடுகிறேன், நான் பந்தயம் கட்டவில்லை என்றார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "ஹலோ, யாரு?" என்று அக்காவின் குரல் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்தேன். பேச வாயெடுத்து, பந்தயம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். போலீஸ்காரர் கொரிய மொழியில் ஏதோ சொல்ல, அவள் "ஒன் மினிட் சார்" என்றாள். பிறகு வேறொரு பெண்ணின் குரல் வந்தது, வயதான கொரியக் குரல். அந்த அம்மாள் நிறைய பேசினாள், நடுநடுவே சிரித்தாள். இவரும் சிரித்தார்.

வைத்துவிட்டுச் சொன்னார். "ஒரு நூடுல்ஸ் கடையில் இருக்கிறார்கள். சாப்பிட்டதும் அந்த அம்மாவே ரயில் ஏற்றி விடுவாராம். கீரையெல்லாம் ஆய்ந்து முடித்துவிட்டார்களாம்."

என்ன கீரை என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை.

7

ரயிலில் ஏறியவள் எங்கள் ஸ்டேஷனிலிருந்து தானே நடந்து வந்தாள். கையில் ஒரு பை, அதில் சுத்தமாக ஆய்ந்த கீரை. வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "லேட்டாயிடுச்சு. தோத்துட்டேன்" என்றாள். பிறகுதான் கதையைச் சொன்னாள்.

செங்கல்பட்டு ட்ரெயின்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சாயங்காலம் எழும்பூரில் கூட்டத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. அதனால் எதிர்ப் பக்கம் போகும் வண்டியில் ஏறி பீச் வரைக்கும் போய், அது கடைசி ஸ்டேஷன், அங்கே எல்லோரும் இறங்கியதும் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அதே வண்டி திரும்பும்போது சுகமாக வீடு வருவது. பெண்கள் பெட்டியில் இப்படித் திரும்பி வருகிறவர்கள் கீரை ஆய்வார்கள், பூக் கட்டுவார்கள், பாதி சமையலை முடித்துவிடுவார்கள்.

அக்கா அதையேதான் செய்தாள். நடைமேடையில் கூட்டம். எதிர்ப் பக்க வண்டியில் ஏறினாள். இடம் கிடைத்தது. மடியில் செய்தித்தாளை விரித்து, சந்தையில் வாங்கிய கீரையை ஆய்ந்துகொண்டே கடைசி ஸ்டேஷனுக்குக் காத்திருந்தாள். அவள் ஏறியது நகரத்தை வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும் ரயில். அதற்குக் கடைசி ஸ்டேஷன் கிடையாது. எங்கள் ஸ்டேஷன் வந்து, போய், திரும்பவும் வந்து போயிருக்கிறது. தலை நிமிர்ந்தால்தானே தெரியும்.

"பக்கத்துல ஒரு அம்மா வந்து உக்காந்தா. நான் ஆய்றதப் பாத்துகினே இருந்தா. பழுத்த எல ஒண்ண நான் வுட்டுட்டேன், அத எடுத்துத் தூரப் போட்டா. அப்புறம் ஒரு கைப்பிடிய எடுத்து அவளே ஆய ஆரம்பிச்சுட்டா. நான் 'லாஸ்ட் ஸ்டேஷன்?'னு கேட்டேன். போன்ல எழுதிக் காட்டினா. இதுக்குக் கடைசியே கெடையாதுன்னு." அக்கா சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"அண்ணனக் கூப்பிடு. சொல்லிடலாம்."

வீடியோவில் அண்ணன் வந்தார். ஜெயித்த முகமாகத் தெரியவில்லை, பயந்துபோயிருந்தார். "இன்னா வேதா இது, போன எடுக்க மாட்டேன்றான் இவன், நான் இன்னான்னு நெனக்கிறது" என்றார்.

"லேட்டாச்சுண்ணா. தோத்துட்டேன். சொன்ன பேச்சு மாற மாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ரூமுக்கு இன்னா கலரு அடிச்சிக்கிற?" என்று கேட்டாள்.

"ரோஸு."

"ரோஸா" என்றாள் அக்கா. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஊதா ஷூவுக்குள் இருந்து வந்த காலுறையில் ஒரு பக்கம் ஓட்டை விழுந்து பெருவிரல் தெரிந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"பயமா இல்லியாக்கா உனக்கு?" என்று கேட்டேன்.

"இல்லாம? அந்தம்மா கடைசி கெடையாதுன்னு காட்டினப்போ எங்க எறங்கறதுன்னே தெரியல. செங்கல்பட்டுலயும் பயமாத்தான் கீது. ராத்திரி ஓடு சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்குவேன். அங்க நான் லேட்டா வந்தா போலீசுக்கு ஓட ஆளு கெடையாது. அது எனக்குத் தெரியாதாடா? தெரிஞ்சுதான் கேக்குறேன்." திரையில் இருந்த அண்ணனையும் சேர்த்துப் பார்த்தாள். "அப்பாக்கு மாத்திர நேரம். அம்மாக்குக் கஞ்சி நேரம். எனக்கு ட்ரெயின் நேரம். அஞ்சு நிமிசம் பிந்தினா வாசல்ல ஒருத்தர் நிப்பீங்க. ஆசையாத்தான் நிப்பீங்க, இல்லன்னு சொல்லல. எனக்கு யாரும் வாசல்ல நிக்காத ஒரு சாயங்காலம் வோணும். செத்த நாழி அப்படி இருந்து பாக்கணும். அதுக்குத்தான் அந்த வூடு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் பந்தயம் பந்தயம்தானே என்றார்.

"அவ தோத்தாண்ணா" என்றேன். "கூப்பிடக் கூடாதுன்னு சொன்னா, நான் போலீசுக்குப் போனேன். அதனால நானும் தோத்துட்டேன். ரெண்டு பேரும் தோத்த பந்தயத்துக்கு வூட்டக் காலி பண்ண முடியாது. நான் சம்மதிக்கல."

"நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆனா?"

"ஆனா நாம ரெண்டு பேரும் அழுவோம்ணா. அதுக்காக இப்பவே அவளக் கொண்டுவந்து மாடில வெக்க முடியாது."

சுதா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அண்ணனிடம் நான் மறுத்துப் பேசி அவள் பார்த்ததில்லை. "கட்டிலு வேற வாங்கிட்டேன்" என்றார் அண்ணன்.

"வரும்போது நான் படுத்துக்குறேண்ணா. ரோஸு பரவால்ல."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அந்தக் கீரையைக் கடைந்தாள். அந்த அம்மாள் ரயிலிலிருந்து இறக்கிக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்த நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் எங்களோடு இன்னொரு தரமும் சாப்பிட்டாள்.

8

அக்கா ஊருக்குப் போய்ச் சில மாதங்களாகிவிட்டன. செங்கல்பட்டு வீட்டில்தான் இருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு உட்காரும்போது அங்கே சாயங்காலம். அப்போது கூப்பிடுவது என் வழக்கம். பாதி நாள் எடுக்கிறாள்.

நேற்று எடுக்கவில்லை. இரண்டு தரம் மணி அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டு எண் என்னிடம் இருக்கிறது. அண்ணன் அதை எனக்கு மூன்று தடவை அனுப்பியிருக்கிறார். குளியலறை ஈரமாக இருக்குமோ, வாசல் விளக்கு எரிகிறதோ இல்லையோ என்று மனசு அந்த வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகப் போய்வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. குப்பையைப் பிரித்துக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது. "ரெண்டு தரம் கூப்ட்டிருக்கே. வெளில இருந்தேன்."

எங்கே என்று எழுதவில்லை. எங்கேக்கா என்று தட்டிவிட்டு, அழித்தேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.